ஏழெட்டு மாதம்

சீன வைத்தியர் மேடம் யாப் என் மனைவி நிரூபாவின் நாக்கை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். இரண்டு கை நாடியையும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். பிறகு இருமலைப் பற்றி ஒன்றுமே கேட்காமல், "நீ பிறந்த ஊரில் வருடத்துக்கு எத்தனை மாதம் மழை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே பொறி தட்டியது. இருமலுக்கு மருந்து கொடுக்கிறவருக்கு யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் மழை பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன?

மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் மீன்கடைக்கும் வியட்நாம் பாண்கடைக்கும் நடுவே ஒடுங்கிய கடை அது. முன்பக்கம் மருந்து இழுப்பறைகள் கூரைவரை போயிருந்தன. பின்பக்கம் ஒரு மேசை, மூன்று கதிரை. சுவரில் அவருடைய பதிவுச் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கியது. உள்ளே வந்ததும் அதைத்தான் முதலில் போனில் படம் பிடித்து, பதிவு எண்ணை இணையத்தில் அடித்துப் பார்த்தேன். எண் சரியாக இருந்தது. பெயரும் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருப்பதுதான் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது. நான் ஒரு காப்புறுதிக் கம்பனியில் இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறவன். ஆட்கள் எழுதித் தருவதில் எது பொய் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஒரு ஓட்டையும் இல்லாத விண்ணப்பத்தைக் கண்டால் நாங்கள் தனியாக எடுத்து வைப்போம்.

கேள்விகள் நின்றபாடில்லை. பிறகு எங்கே இருந்தாய்? கொழும்பிலா, கடலுக்கு எவ்வளவு தூரம்? இப்போது கிரெய்கிபர்னில் வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது? ஹீட்டர் சுவரிலா, கூரையிலா? படுக்கையறை யன்னலில் காலையில் நீர் வடிகிறதா? ஒரு மஞ்சள் அட்டையை என் பக்கம் தள்ளி, இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் இருந்த விலாசங்களை வரிசையாக எழுதச் சொன்னார். எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது நான்தான். நிரூபாவுடைய படிவங்களையும் நான்தான் நிரப்புவேன், பெரிய எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். LIDCOMBE, இரண்டாம் மாடி. CRAIGIEBURN, தரை. இரண்டே வரி. அவர் அதை வாசித்துவிட்டு நிரூபாவை நிமிர்ந்து பார்த்தார்.

"சிட்னியில், லிட்கமில் இருந்த காலம் முழுக்க அந்த வீட்டில்தானா? வேறெங்கும் தங்கவில்லையா?"

நிரூபா வாயைத் திறந்து, திறந்தபடியே என்னைப் பார்த்தாள். நான் மேடம் யாப்பைப் பார்த்துச் சிரித்தபடியே, வெளியில் வெயில் நல்லாயிருக்கு என்று சொல்கிற குரலில் தமிழில் சொன்னேன்.

"லிட்கம் எண்டு மட்டும் சொல்லும். பண்ணையைப் பற்றி மூச்சு விடாதையும்."

"லிட்கம் மட்டும்தான்" என்றாள் நிரூபா ஆங்கிலத்தில். உடனே அவளுக்கு இருமல் வந்துவிட்டது. மேடம் யாப் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவள் இருமி முடிக்கும்வரை காத்திருந்தார்.

பண்ணை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒளிக்க இனி என்ன இருக்கிறது. நிரூபா என்னைக் கட்டிக்கொண்டு மாணவர் விசாவில் சிட்னிக்கு வந்தாள். அதே வருடம் என் தங்கச்சிக்குக் கல்யாணம் சரிவந்தது. என் ஒரு சம்பளத்தில் அங்கேயும் இங்கேயும் ஈடுகொடுக்க முடியவில்லை. சிட்னிக்கு வடமேற்கே ஒரு காளான் பண்ணையில் ஆள் எடுக்கிறார்கள் என்று நண்பன் சுஜீதன் கேள்விப்பட்டு வந்து சொன்னான். பண்ணையின் பெயரை உங்களுக்கும் சொல்லப்போவதில்லை, யார் யார் வாசிக்கிறார்களோ. தங்குமிடமும் அங்கேயே. அவள் விசாவில் அவ்வளவு நேரம் வேலைசெய்ய இடமில்லை, ஆகவே வேறொருத்தியின் பெயரில் வேலை. அதே காலத்தில்தான் அவளுக்கு மனைவி விசாவுக்குப் போட்டோம். அதற்கு நாங்கள் இருவரும் லிட்கமில் ஒரே கூரையின் கீழ் குடும்பம் நடத்துகிறோம் என்று காட்ட வேண்டும். சுஜீதன் உட்பட நான்கு பேர் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் ரயிலில் வந்தால், ஒரே நாளில் மூன்று சாறி மாற்றி, பொங்கல், தீபாவளி, என் பிறந்தநாள் எல்லாவற்றையும் கொண்டாடிப் படம் எடுத்துவிடுவோம். படங்களில் நன்றாகத்தான் சிரிப்போம். பொய்க் கல்யாணமா என்ன? தாலி கட்டின பெண்சாதிதான். இருந்த இடம் மட்டும்தான் பொய்.

எல்லாம் ஒரு ஏழெட்டு மாதம். அவ்வளவுதான். அதன்பின் விசா கிடைத்தது, மெல்பேர்னுக்கு வந்தோம், வீடு வாங்கினோம். எனக்குக் குடியுரிமையும் கிடைத்துவிட்டது. அவளுடைய விண்ணப்பம் போய்க் கிடக்கிறது, எந்த நேரமும் கடிதம் வரலாம். இந்த நேரத்தில் எங்கேயாவது ஒரு கடதாசியில் பண்ணை என்ற சொல் ஏறினால் என்ன நடக்கும்? முதலில் குடியுரிமை போகும். பிறகு விசாவைக் கிண்டுவார்கள். அவளைத் திருப்பி அனுப்பினால்? எழுதிக் கொடுத்த நான்கு பேரும் என் முகத்தில் விழிப்பார்களா? அதனால்தான் நாங்கள் யாருக்கும் ஒரே கதைதான் சொல்வோம். குடும்ப டொக்டரின் படிவத்தில், 'தூசி, பூஞ்சணம், இரசாயனம் உள்ள இடத்தில் வேலை செய்தீர்களா' என்ற கேள்விக்கும் நான்தான் 'இல்லை' என்று அடையாளமிட்டேன். அவர் ஆஸ்துமா என்றார். மூச்சோடு உள்ளே இழுக்கிற பம்ப் தந்தார். ஐந்து வருடமாகப் பம்ப் இழுக்கிறாள், இருமல் அப்படியே இருக்கிறது. போன குளிர்காலத்தில் எங்காவது படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. இப்போது உடுப்புக் கூடையைத் தூக்கினாலே பாதி வழியில் வைத்துவிட்டு நிற்கிறாள்.

மேடம் யாப்பைச் சொன்னது பக்கத்து வீட்டு வினுஷா. அவளுக்கும் அவளுடைய மாமியாருக்கும் இருமலாம், இரண்டு பேருக்கும் அங்கே போய்ச் சுகமாம். ஆனால் இரண்டு பேருக்கும் வேறு வேறு மருந்து. "ஏனெண்டா மாமி கடற்கரைப் பக்கம் இருக்கிறா, நான் கிரெய்கிபர்ன் காத்துக்க இருக்கிறன். இடத்துக்கு ஏத்த மாதிரித்தான் மருந்தாம் அண்ணா" என்றாள். ஒரே இருமலுக்கு இரண்டு மருந்து விற்பது நல்ல யாவாரம்தான் என்று நான் சொன்னேன். "நீங்கள் கோயில்ல விபூதி தந்தாலும் மணந்து பாத்துட்டுத்தான் பூசுவியள்" என்று அவள் சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும்.

நானும் அன்றைக்கு மேடம் யாப்பிடம் இதைக் கேட்டுவிட்டேன். ஒரே நோய்க்கு ஒரே மருந்து இல்லையா, உங்கள் புத்தகத்தில் அப்படி எழுதவில்லையா? அவருக்குக் கோபம் வரவில்லை. பழைய புத்தகங்களை எழுதினவர்கள் பெரும்பாலும் சீனாவின் வடக்கே இருந்தவர்கள், அங்கே குளிர், வறட்சி, அதனால் கறுவாவும் இஞ்சியும் அள்ளிப் போட்டார்கள் என்றார். அதே அளவைத் தெற்கே மழையும் புழுக்கமும் உள்ள ஊரில் கொடுத்தால் மூக்கால் இரத்தம் வரும். அங்கே இருந்தவர்கள் சூட்டைத் தணிக்கிற இலை, ஈரத்தை இழுக்கிற பட்டை என்று தங்களுக்கென்று வேறு வழி கண்டார்கள். "இங்கே இன்னும் கஷ்டம். மாதங்கள் தலைகீழ். ஒரே நாளில் நாலு காலநிலை. வெளியில் ஈரக் குளிர், வீட்டுக்குள் ஹீட்டர் போட்டுக் காய்ந்துபோன காற்று. இந்த ஊருக்கு யாரும் புத்தகம் எழுதவில்லை. நான் ஆட்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்" என்றார். கதை நன்றாகத்தான் இருந்தது. ஆட்களைக் கேட்டு எழுதுகிறவர்களுக்குத்தானே நான் பயப்படுகிறேன்.

ஐந்து நாளுக்கு மட்டும் ஐந்து பொட்டலம் தந்தார். வறண்ட ஊரில் பிறந்து, வறண்ட மாடிவீட்டில் இருந்து, இப்போது வடகாற்று அடிக்கிற கிரெய்கிபர்னில் இருப்பவளுக்கு நெஞ்சை ஈரமாக்குகிற மருந்து என்றார். ஆறாம் நாள் கட்டாயம் வர வேண்டும், சளி கூடினால் அதற்கு முன்பே நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, குசினி மேசையில் பேப்பர் விரித்துப் பரப்பினேன். வெள்ளை இதழ் போல ஏதோ, காய்ந்த வேர்த்துண்டு, பேரிக்காய் வற்றல், பழுப்பாய் மொறுமொறுப்பாய் ஒரு சாமான். பூச்சி கழற்றிய கோதோ என்று சந்தேகம் வந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டோம். ஒவ்வொன்றையும் படம் எடுத்துத் தேடினேன். வெள்ளை லில்லிக் கிழங்காம். பூச்சிக் கோது என்று நான் நினைத்தது வெறும் ஆரஞ்சு, தோடம்பழத் தோல்.

"பாத்து முடிஞ்சுதோ? பொலிஸுக்கு அறிவிக்கட்டே?" என்றாள் நிரூபா. கையில் சட்டியோடு நின்றாள்.

"உமக்கென்ன தெரியும். அந்த மனுசி ஏன் விலாசம் எல்லாம் கேட்டது? மருந்துக்கும் மாடிக்கும் என்ன சம்பந்தம்? இமிகிரேஷன்காரர் எத்தினை விதமா ஆள் வைச்சிருப்பாங்கள் தெரியுமே?"

"சீன வைத்தியர் வேசத்தில வந்து என்ர நாக்கைப் பாப்பினமே? மடியில கனமிருந்தா வழியில பயம்தான்." சொல்லிவிட்டு அவள் தண்ணீரை ஊற்றி அடுப்பை மூட்டினாள். என் பக்கம் திரும்பாமலே, "அந்த மனுசி கேட்டமாதிரி ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல. எங்க இருந்தனீ, எப்பிடி இருந்தனீ எண்டு" என்றாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம் கேட்டது. நான்காம் நாள் விடியக் குளியலறையில் குனிந்து நின்று சளியாகத் துப்பினாள். துப்பத் துப்ப வந்தது. முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அவள் முதுகு எலும்பெல்லாம் கைக்குள் தட்டுப்பட்டது, எப்போது இவ்வளவு மெலிந்தாள் என்று தெரியவில்லை. பாவம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பொய் சொல்லக்கூடாது, நெஞ்சின் ஒரு மூலையில் ஒரு சந்தோசமும் இருந்தது. பிடிபட்டாய், மேடம் யாப்! ஒரு விண்ணப்பத்தில் கள்ளம் கண்டுபிடித்தால் வருமே, அந்தச் சந்தோசம். மருந்தை நிறுத்தினோம். மிச்சப் பொட்டலத்தை ஆதாரமாகப் பையில் போட்டேன். துப்பிய சளியைக்கூடப் படம் எடுத்தேன்.

மறுபடி மேடம் யாப்பிடம் போன அன்று காலையிலிருந்தே வடகாற்று அடுப்புத் திறந்ததுபோல் அடித்தது. முப்பத்தேழு பாகை. கிரெய்கிபர்னிலிருந்து ஸ்பிரிங்வேலுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும். நிரூபா ஒரு துவாயை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள். நான் வழி நெடுக ஆங்கிலத்தில் வசனம் தயார் செய்தேன். முறைப்பாடு செய்கிற இடம், மின்னஞ்சல் விலாசம், எல்லாம் போனில் எடுத்து வைத்திருந்தேன்.

மேடம் யாப் என் வசனத்தைக் கடைசிவரை கேட்டார். படத்தைக் காட்டினேன், பார்த்தார். பொட்டலத்தை மேசையில் போட்டேன், தொடவில்லை. நிரூபாவைக் கிட்ட வரச்சொல்லி நாக்கைப் பார்த்தார், நாடி பிடித்தார். முதுகில் காதை வைத்துக்கூடக் கேட்டார். பிறகு மஞ்சள் அட்டையை எடுத்து மேசையில் வைத்து, என்னுடைய பெரிய எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"இந்த அட்டையில் இருக்கிற பெண்ணுக்கு இந்த மருந்து சரி" என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் அட்டையில் இருப்பவள் இவள் இல்லை. இவள் நெஞ்சில் இருப்பது பழைய ஈரம். இரண்டாம் மாடி வீட்டில் இந்த ஈரம் வராது. ஈரமான ஆளை நான் இன்னும் ஈரமாக்கிவிட்டேன்."

"அப்படியானால் பிழை உங்களுடையதுதானே?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. முன்பக்கத்தில் மருந்து நிறுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

மேடம் யாப் நிரூபாவின் கையை விடாமலே, அவள் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்.

"தங்கச்சி, எந்தப் பண்ணை?"

தமிழில் கேட்டார். கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் உடைத்து, ஆனால் தமிழ்தான். கதிரையின் கையைப் பிடித்தேன். நான் பக்கத்தில் இருந்துகொண்டு சிரித்துச் சிரித்துச் சொன்னதெல்லாம்! பஸ்ஸில், கடையில், வங்கியில், ஆஸ்பத்திரியில், வெள்ளைக்காரன் முன்னால், சீனன் முன்னால், நாங்கள் இத்தனை வருடமாக வாய்கூசாமல் பேசினதெல்லாம் ஒரே அடியாக ஞாபகம் வந்தது. ஐயோ, வேறு யார் யார் கேட்டார்களோ!

"உங்களுக்குத் தமிழ்…" என்றேன்.

"மலேசியாவுல ஈப்போப் பக்கம் ரப்பர் தோட்டம்" என்றார். "எங்கப்பா மருந்துக் கடை தோட்டத்து வாசல்லதான். வர்றவங்க எல்லாம் தமிழவங்க. நான் படிச்சது சீனப் பள்ளிக்கூடம், விளையாடுனது தமிழ்ப் பிள்ளைங்ககூட. மழைக் காலத்துல விடியாமலே பால் எடுக்க மரம் வெட்டப் போவாங்க, ஈரத்துலயே நின்னு இருமிக்கிட்டு வருவாங்க. சீனாவிலேர்ந்து வந்த புத்தகத்தப் பார்த்து அப்பா மருந்து குடுத்தாரு, கேக்கல. பொறவு அவங்க வீட்டுக்கே போய்ப் பார்த்தாரு. தகரக் கூரை, மண் தரை, எல்லாம் ஈரம். அப்பதான் மருந்த மாத்துனாரு. அன்னையிலேர்ந்து வீட்டக் கேக்காம மருந்து குடுக்கமாட்டாரு. நானும் அப்படித்தான்."

"அண்டைக்கே விளங்கினதெண்டா ஏன் கேக்கேல்ல? தெரிஞ்சுகொண்டே ஏன் பிழையான மருந்தைத் தந்தனீங்கள்?" என்றேன்.

"பண்ணைன்னு காதுல விழுந்துச்சு. கோழியா, மாடா, எப்ப, எத்தனை நாள், எனக்கு என்னா தெரியும்? தங்கச்சி வாயால லிட்கம்னுச்சு. நாடியும் தெளிவா இல்ல. புருசன் ரகசியமா சொன்னத நான் அட்டையில எழுத முடியுமா? அதான் சாப்பாடு மாதிரி லேசா, அஞ்சு நாளைக்கு மட்டும் குடுத்தேன். சளி கூடினா நிறுத்திட்டு வாங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன்." என்னை நேராகப் பார்த்தார். "அன்னைக்கே தமிழ்ல கேட்டிருந்தா, மறுபடி வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டோம். காரில் ஏறுவதற்கு முன்பே அவருடைய எண்ணைத் தடைசெய்திருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்தவனின் பொய்யைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"நிரூபா, எழும்பும். போவம்" என்றேன்.

அவள் எழும்பவில்லை. மேடம் யாப்பின் கை இன்னும் அவள் மணிக்கட்டில் இருந்தது.

"காளான் பண்ணை, அக்கா" என்றாள்.

அதன்பின் அவள் நிறுத்தவில்லை. யன்னல் இல்லாத நீள அறைகள், தட்டுத் தட்டாக ஆறு அடுக்கு, தலையில் கட்டின லாம்பு வெளிச்சத்தில் ஏணியில் ஏறி நின்று வெட்டுவது, கூரையிலிருந்து எந்நேரமும் தூவுகிற நீர்ப்புகார், வெள்ளையாய்ப் பவுடர்போலக் கண்ணிமையில் படிகிற தூள். தந்த முகமூடி ஒரு மணித்தியாலத்தில் நனைந்துவிடும், நனைந்தால் மூச்சு வராது, கழற்றிவிட வேண்டியதுதான். பின்னேரம் ஆறு மணிபோலக் குளிர்க்காய்ச்சல் வரும், விடியப் போய்விடும், ஆகவே யாரும் அதைக் காய்ச்சல் என்று சொல்வதில்லை. இதில் ஒரு சொல்லையும் என்னிடம் அவள் முன்பு சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்களுக்கு உடுப்பு மாற்றவே நேரம் போதாது. இருமல் தொடங்கினது அங்கேதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் படிவத்தில் 'இல்லை' என்று அடையாளமிட்டேன்.

மேடம் யாப்பின் முகம் மாறிவிட்டது. இழுப்பறைப் பக்கமே அவர் பார்க்கவில்லை.

"இது என் மருந்து மட்டும் பார்க்கிற வேலை இல்லம்மா. நான் சளிக்குக் குடுப்பேன். ஆனா நெஞ்சுக்குள்ள என்னா ஆயிருக்குன்னு உன் டாக்டர் படம் எடுத்துப் பார்க்கணும். ஆஸ்துமான்னு நெனச்சு பம்ப் குடுத்தா அவரு என்னா செய்வாரு? நீ எங்க இருந்தேன்னு அவருக்குத் தெரியாதே. நான் ஒரு கடுதாசி தர்றேன்."

கடுதாசி! "மேடம், எழுத்தில வேண்டாம்" என்றேன். "அவவின்ர சிற்றிசன்ஷிப் இன்னும் வரேல்ல. ஒரு கிழமை, ஒரு மாசம் பொறுத்தா வந்திடும். அதுக்குப் பிறகு எல்லாத்தையும் சொல்லுவம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"டாக்டர்கிட்ட சொல்றது டாக்டர்கிட்டதான் இருக்கும்" என்றார் அவர். அதை நான் நம்பவில்லை. இப்போதும் முழுதாக நம்பவில்லை.

"இஞ்சேருங்கோ" என்றாள் நிரூபா. அவள் என் பக்கம் திரும்பியிருந்தாள். கண் கலங்கவில்லை. "அந்த சிற்றிசன்ஷிப் கடிதம் வரேக்க வாங்கிறதுக்கு நான் இருக்கவேணுமெல்லோ?"

வெளியில் பட்டென்று கதவு ஒன்று அடித்தது. காற்றுத் திசை மாறிவிட்டது. மீன்கடைக்காரன் மழைக்கு நனையாமலிருக்கப் பெட்டிகளை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. பின்கதவு இடுக்கால் தெற்குக் குளிர் காலடிக்கு வந்தது. காலையில் முப்பத்தேழு என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

மேடம் யாப் கடிதத் தாளை மஞ்சள் அட்டையின்மேல் வைத்து எழுதத் தொடங்கினார். பெயர், பிறந்த தேதி. காளான் வளர்க்கும் மூடிய அறைகள், தொடர்ந்த ஈரம், பூஞ்சணத் தூள். ஒவ்வொரு வரியையும் நான் தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் பேனா நின்றது.

"எத்தனை மாசம்?"

"ஏழெட்டு மாசம்" என்றேன். என்னை அறியாமலே வாயில் வந்தது. எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

நிரூபா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். முன்பின் தெரியாத ஒருவனுடைய பேச்சை விளங்கிக்கொள்ளப் பார்க்கிறவள்போலப் பார்த்தாள்.

"ஆறு கிழமைக்கு ஒருக்கா அறையை வெறுமையாக்கிக் கழுவுறது" என்றாள் மெதுவாக. "பழைய மண்ணெல்லாத்தையும் அள்ளி, சுவரெல்லாம் தேய்ச்சு. அண்டைக்குத்தான் இருமல் கூட வரும், அதால எனக்கு நல்ல ஞாபகம். பதினாலு தரம் கழுவினனான். நீங்கள் கணக்குப் பாருங்கோ."

எண்பத்துநான்கு கிழமை. என் வேலையே அதுதானே, உடனே வந்துவிட்டது. ஆனால் அவள் நான் சொல்வதற்காகக் காத்திருக்கவில்லை. மேடம் யாப்பின் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் ஒரு படிவத்தில் கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதி நான் பார்த்ததில்லை. முதலில் பண்ணையின் பெயரை எழுதினாள், ஒரு எழுத்தும் பிழையில்லாமல். பிறகு மாதத்துக்கு விட்டிருந்த இடைவெளியில் 19 என்று போட்டாள். ஒன்பதின் காலை நீளமாக இழுத்து, அதன்மேலேயே இன்னொரு தரம் இழுத்தாள்.

மேடம் யாப் கையெழுத்திட்டுத் தாளை மடித்து உறையில் போட்டார். எங்கள் வீட்டுக் கடதாசிகள் எல்லாம் என் பையில்தான் இருக்கும். நான் பழக்கத்தில் கை நீட்டினேன். நிரூபா அதை வாங்கித் தன் கைப்பையின் உள்ளறையில் வைத்து, சிப்பை இழுத்து மூடினாள். நாளைக் காலை ஒன்பதுக்குக் குடும்ப டொக்டரிடம் தான் அப்பொயின்ற்மென்ற் எடுப்பதாகச் சொன்னாள், என்னிடம் இல்லை, மேடம் யாப்பிடம். பிறகு இருமிக்கொண்டே முன்பக்கம் போனாள்.

மஞ்சள் அட்டை மேசையிலேயே கிடந்தது. LIDCOMBE, இரண்டாம் மாடி. அடித்தல் திருத்தல் இல்லாத என் எழுத்து. மேசை லாம்பின் வெளிச்சம் சரிவாக விழுந்ததில் அதன்மேல் வேறேதோ தெரிந்தது. குனிந்து பார்த்தேன். தாளின் மேலிருந்து அவள் அழுத்திய அழுத்தம் அடி அட்டைவரை இறங்கியிருந்தது. கட்டைவிரலால் தடவினேன். மை இல்லை. ஒன்பதின் நீளக் கால் மட்டும் பள்ளமாய் விரலில் தட்டுப்பட்டது.